பள்ளிமுனை மதகின் மேல் இல்லாத மண்

அனுப்புநர்:
சுகந்தினி கிறகரி,
கட்டமைப்புப் பொறியியலாளர்,
பள்ளிமுனை, மன்னார்.

பெறுநர்:
திட்டப் பணிப்பாளர் அவர்கள்,
கரையோர மதகுகள் புனரமைப்புத் திட்டம்,
மன்னார்.

விடயம்: இறங்குதுறை வீதி மதகின் கொங்கிறீற் வேலையை நிறுத்தி, கணக்கைத் திருத்தக் கோருதல்

மதிப்புக்குரிய ஐயா,

மேற்படி மதகின் வடிவமைப்பைச் சரிபார்க்கத் தங்கள் திட்டம் என்னை நியமித்தது. மென்பொருள் தரும் விடையை வெளியாள் ஒருவர் கையாலும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்பது தங்கள் விதி. நல்ல விதி. அதன்படி நடந்ததுதான் என் குற்றம் போலிருக்கிறது.

என் கணக்கின்படி மதகின் மேல்தட்டுக்குப் போட்டிருக்கும் கம்பி போதாது. இன்னும் மூன்றில் ஒரு பங்கு வேண்டும். காரணத்தைத் தேடி அலையவும் தேவைப்படவில்லை. கட்டுக்கரைக் குளத்தில் குளக்கட்டின் கீழே போகும் மதகுக்கு முன்பு செய்த மென்பொருள் கோப்பைத் திறந்து, பெயரையும் அளவுகளையும் மாற்றியவர்கள், மேலே கிடக்கும் நான்கு அடி மண்ணை மாற்ற மறந்துவிட்டார்கள். அங்கே அந்த மண் வாகனச் சில்லின் பாரத்தைப் பரப்பிக் கொடுக்கும். இங்கே மண்ணே கிடையாது. ஐஸும் மீனுமாக வரும் கூலர் லொறி நேரே கொங்கிறீற்றில் ஏறும். பள்ளிமுனையில் நான்கு அடிக்கு மண் போட்டால், மதகடியில் கடை வைத்திருக்கும் திருமதி றொசானா தன் கடைக்குள் இறங்க ஏணி வாங்க வேண்டிவரும்.

வடிவமைப்புப் பிரிவும் ஒரு கைக்கணக்கை இணைத்திருக்கிறது. அது மென்பொருளோடு இரண்டாம் தசமம் வரை ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? விடையைப் பார்த்து வைத்துக்கொண்டு கீழிருந்து மேலே எழுதிய கணக்கு அது. இல்லாத மண் அதிலும் இருக்கிறது.

இதை வடிவமைப்புப் பொறியியலாளர் திரு. சாந்தரூபனிடம் தொலைபேசியில் சொன்னேன். "மிஸ், கொம்பியூட்டர் பிழை விடாது. உங்கட கணக்கைத்தான் ஒருக்காத் திருப்பிப் பாருங்கோ" என்றார். திருப்பிப் பார்த்து அனுப்பினேன். "ரெண்டும் ஒத்துவாற மாதிரிச் செய்து தாங்கோ, கொங்கிறீற் போட ஆக்கள் நிக்கினம்" என்று பதில் வந்தது. ஐயா, ஒத்துவர வைப்பதற்கு நான் எதற்கு? கொம்பியூட்டர் பிழை விடவில்லைதான். கொடுத்த மண்ணைக் கூட்டிக் கழித்துச் சரியாகவே சொல்லியிருக்கிறது. மண்ணைக் கொடுத்தவர் யார் என்பதே என் கேள்வி.

திங்கட்கிழமை கொங்கிறீற் போடப் போகிறார்கள். போட்ட பிறகு கம்பியை யாரும் பார்க்க முடியாது. அந்த மதகால்தான் லொறிகளுக்கு இடையில் எங்கள் பெண்கள் மீன் கொண்டுபோவார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

ஆகவே, வேலையை உடனே நிறுத்தி, மண்ணின் உயரத்தைப் பூச்சியமாகக் கொடுத்து மென்பொருளை மறுபடி ஓட்டுமாறு பணித்தருள வேண்டுகிறேன். ஒரு கோப்பை பிளேன்ரி ஆறுவதற்குள் விடை வந்துவிடும்.

சரிபார்ப்புச் சான்றிதழில் நான் கையொப்பமிடமாட்டேன். நான் மறுத்தால் வேறொருவர் இடுவார் என்று சொல்லப்பட்டிருக்கிறது. அப்படி ஒருவர் இட்டால், முதல் கூலர் லொறி ஏறும்போது அவரை அந்த மதகின் கீழே நிற்கச் சொல்லுங்கள். நான் நிற்கமாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் நடவடிக்கையை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) சுகந்தினி கிறகரி

இடம்: பள்ளிமுனை
திகதி: 18.09.2025