நல்ல சுகம் என்று சொன்னது

மார்ச் 10, செவ்வாய்

காலையில் தூறல். கர்ப்பப்பை எடுத்து இரண்டாவது கிழமை. இன்றுதான் மாடிப்படிக் கைபிடியைப் பிடிக்காமல் இறங்கினேன்.

பள்ளிக்கூடச் சமையலறை வேலை போனதிலிருந்து ஜொப் சென்டர் தரும் பெனிபிட், அந்த அரசாங்க உதவிக் காசுதான். வேலை தேடுகிறேன் என்று காட்டினால்தான் காசு. ஒப்பரேசன் என்றதும் டொக்டரின் சிக் நோட் அனுப்பினேன். தேடுவதை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கட்டளை: பாரம் தூக்கக் கூடாது. கேத்தில்கூடப் பாதித் தண்ணீரோடு.

பின்னேரம் சேர்ச்சிலிருந்து ரெஜினா அக்கா. திராட்சைப் பழம், சோடாப் போத்தல். நோயாளியைப் பார்க்க வந்தவவுக்கு நோயாளியே எழும்பித் தேத்தண்ணீர் போட்டாள்.

“ஒப்பரேசன் செய்த ஆள் மாதிரியே இல்லை!”

இவர் செற்றியில் சாய்ந்திருந்தபடியே: “அவ நல்ல சுகம் அக்கா. எழும்பி நடக்கிறா, சமைக்கிறா.”

என் கணவர். என்னைக் கேளாமலே எனக்குச் சுகம். அக்கா போனதும் என்னிடம் கேட்டது, “இரவைக்கு என்ன கறி?”

பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன். வலிதான்.

மார்ச் 12, வியாழன்

வெயில், ஆனால் குளிர். உடுப்புக் காயவில்லை.

ஜொப் சென்டரிலிருந்து போன். என்னைப் பார்க்கும் அந்தப் பெண் அலுவலர்தான். குரல் தேன். எப்படி இருக்கிறீர்கள்? மிகவும் நலம், நன்றி. ஏதும் சிரமம்? ஒரு பிரச்சினையும் இல்லை. அப்படியென்றால் திரும்ப வேலை தேடத் தொடங்கலாமா? ஓம், நன்றி.

ஓம் என்றது நானேதான். இவ்வளவு அன்பாகக் கேட்கிற ஆளிடம் ஏலாது என்று எப்படிச் சொல்வது? போனை வைத்த பிறகுதான் எதற்கு ஓம் என்றேன் என்று விளங்கியது.

மார்ச் 13, வெள்ளி

மழை. மரக்கறி நாள். பருப்பு, கத்தரிக்காய்.

போனில் மெசேஜ் வந்திருக்கிறது. நீங்கள் குணமாகிவிட்டதாகச் சொன்னபடியால் திங்கள் ஜொப் சென்டருக்கு நேரில் வரவும். பக்கத்து ஊர் பார்க்கிங்கில் ஒரு கன்ரீன் வேலை, அதற்கு நேர்முகம். வராவிட்டால் காசு நிறுத்தப்படலாம்.

கன்ரீன் என்றால் அண்டா தூக்க வேண்டும். தூக்கினால் தையல் போகும். தூக்கமாட்டேன் என்றால் காசு போகும். என் வாயால் நானே தேடிக்கொண்ட வினை. என் மேலேயே எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

இவரிடம் சொன்னேன்.

“சிக் நோட் கிடக்குதுதானே. அதைக் காட்டுவம். நானும் வாறன்.”

மார்ச் 16, திங்கள்

மப்பு வானம். இவர் ஷிப்டை மாற்றிக்கொண்டு கூட வந்தார். பஸ்ஸின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பல்லைக் கடித்தேன். இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அலுவலர் சிரித்துக்கொண்டு: எப்படி இருக்கிறீர்கள்?

‘மிகவும் நலம்’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். வயிற்றுக்குள் பிடித்து இழுக்கிறது. கேத்தில் தூக்க ஏலாது. கட்டிலில் இருந்து எழும்பும்போது அழுகை வரும். பாத்ரூமில் அழுகிறேன்.

அலுவலர் எழுதுவதை நிறுத்தினா. வியாழன் கேட்டேனே, ஏன் சொல்லவில்லை?

“நீங்கள் சுகம் விசாரிக்கிறீர்கள் என்று நினைத்தேன்.”

சிக் நோட்டைத் திரும்பப் பார்த்தா. அது முடியும்வரை வேலை தேடத் தேவையில்லை, கன்ரீன் ரத்து, காசு வரும். முடிந்தும் ஏலாவிட்டால் டொக்டரிடம் புது நோட். ஏலாது என்றால் ஏலாது என்றே சொல்லுங்கள் என்றா. சரி என்றேன். நெஞ்சில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது.

திரும்பும்போது ஈஸ்ட் ஹாமில் இறங்கியதும் இவர்,

“பாத்ரூமுக்குள்ள அழுறனீர் எண்டு எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் என்ன கறி எண்டுதானே கேட்டனீங்கள்.”

இவர் வீட்டுக்கு வந்து, என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, தானே சமைத்தார். சோறு குழைந்து களி. பருப்பு அடிப்பிடித்த மணம். எதிரில் இருந்து என் முகத்தையே பார்த்தார்.

“எப்பிடி இருக்கு?”

“உப்புக் காணாது,” என்றேன்.