சித்திரைக்கு முன்னால்

அத்தை,

முழங்கால் வீக்கத்துக்குத் தடவ மகன் விளக்கெண்ணெயைச் சூடு காட்டிக்கொண்டிருந்தான். அடுப்படியிலிருந்து வாடை வந்தது. வலி இருந்தாலும் பரவாயில்லை, எடுத்துவிடு என்றேன். உங்கள் நினைவு எனக்கு அந்த வாடையோடுதான் வருகிறது.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். தலைப்பிரசவத்துக்கு உங்கள் மகளைத் திருச்செங்கோட்டுக்கு, உங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். சித்திரை கடைசியில்தான் பிள்ளை பிறக்கும் என்று சேலத்து டாக்டரம்மா சொல்லியிருந்தார். பங்குனி முடியும் தறுவாயில் நான் பார்க்க வந்தபோது, சுக்குக் கஷாயத்தில் விளக்கெண்ணெய் கலந்த கிண்ணத்தோடு நின்றீர்கள். முந்தின நாள் கொடுத்தது போதவில்லையாம்.

"சித்திரையில தலைச்சன் பொறந்தா ஊட்டுக்கு ஆகாதுங்க. வவுறு கழிஞ்சா வலி தானா வரும்."

"அவளால எந்திரிக்கவே முடியலைங்களே. டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்க" என்றேன்.

"ஏனுங்க மாப்பிள்ளை, நீங்க படிச்ச பள்ளிக்கூடத்துல பிள்ளைப்பேறும் சொல்லிக் குடுத்தாங்களா?"

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்த்தபடியே குடித்தாள்.

நீங்கள் நினைத்தபடியே வலி வந்தது. பங்குனி கடைசி நாளில் பெண் பிறந்தாள். அழக்கூடத் தெம்பில்லாத குழந்தை. வருஷப் பிறப்பன்று மத்தியானம் அடங்கிவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களிடம் நீங்கள் சொன்னது இது: "என்ன பண்றது சாமி. சித்திரையில பொறக்காம போச்சே, அந்தமட்டுக்கு நல்லது."

அடுத்த பிரசவத்துக்கு நீங்கள் ஆள்மேல் ஆள் விட்டும் நான் அவளை அனுப்பவில்லை. வாழ்நாளில் நான் உறுதியாகச் சொன்ன மறுப்பு அநேகமாக அது ஒன்றுதான். சேலம் ஆஸ்பத்திரியில் மகன் பிறந்தான், நடுச் சித்திரையில். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்று எண்ணெயைச் சூடு காட்டியவன் அவன்தான்.

நீங்கள் போனபோது அவள் அழுதாள். நான் மருமகன் முறைக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் வரிசை பிசகாமல் செய்தேன். அதற்குமேல் எதுவும் வரவில்லை.

குழந்தை அந்த எண்ணெயால்தான் போனதா என்று டாக்டரம்மாவிடம் பின்னால் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். எதையும் சரிபார்க்காமல் முடிவுக்கு வராத புத்தி எனக்கு. உங்களை முழு மனதோடு வெறுக்க விடாமல் அந்தப் பதில் இன்றும் குறுக்கே நிற்கிறது. அதற்காகவும் உங்களை நான் மன்னிக்கவில்லை.