பார்க்காமல் எழுதப்பட்ட பன்னிரண்டு பதிவுகள்

அனுப்புநர்:
விண்ணப்ப எண் 4417,
தொழில்நுட்பப் பணியாளர், இரத்தப் பரிசோதனைக் கூடம்.
(வீடு: மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லாத கட்டடம்.)

பெறுநர்:
சேர்க்கைப் பதிவாளர் அவர்கள்,
முதுநிலைப் படிப்புகள் பிரிவு,
பல்கலைக்கழக அலுவலகம்.

பொருள்: முதுநிலை நுண்ணுயிரியல் சேர்க்கை – எழுபத்திரண்டு மணி நேரக் கெடு தவறியமை – மூடப்பட்ட விண்ணப்பத்தை மீண்டும் திறக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் இணையப்பக்கத்தில் 11.05.2026 காலை 11 மணிக்கு வெளியாகி, 14.05.2026 பிற்பகலில் என் கண்ணில் பட்ட அறிவிப்பு.

மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு,

1. நான் மேற்படி படிப்புக்கு விண்ணப்பித்து, மார்ச் 3 அன்று நேர்முகத் தேர்வுக்கு வந்திருந்தேன். மூன்று பேராசிரியர்கள் இருபது நிமிடம் கேள்வி கேட்டனர். முடிவில், நடுவில் அமர்ந்திருந்தவர், "நாங்களே சொல்லி அனுப்புறோம், கவலப்படாம போங்க" என்றார். அவர் சொற்படியே கவலைப்படாமல் போனேன். பேருந்து நிறுத்தம் வரை அது நீடித்தது. இன்றோடு எழுபத்து நான்கு நாட்கள் ஆகின்றன.

2. எனக்கு வயது முப்பத்திரண்டு. சேர்க்கை விதி ஒன்பதின்படி அடுத்த ஆண்டு நான் விண்ணப்பிக்க முடியாது. மற்ற விண்ணப்பதாரர்களுக்கு, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொல்ல வீட்டில் யாராவது இருப்பார்கள். என் வீட்டில் அப்படிச் சொல்ல யாருக்கும் வழியில்லை.

3. முடிவை அறிய இணையப்பக்கம் ஒன்றே வழி எனத் தங்கள் தகவல் குறிப்பேடு கூறுகிறது. அப்பக்கம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை அதற்கும் விடுமுறை. நானோ காலை எட்டு முதல் மாலை ஆறு வரை இரத்தம் எடுக்கும் பணியில் இருக்கிறேன். கைபேசிகளை நுழைவாயில் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். எனக்கும் ஞாயிறுதான் விடுமுறை. இந்த ஏற்பாட்டுக்காக எவரையும் குறை கூற எனக்கு விருப்பமில்லை.

4. எனவே கடவுச்சொல்லை என் தந்தையிடம் கொடுத்தேன். அவர் முப்பத்தொரு ஆண்டுகள் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, முழங்கால் அறுவைக்குப் பின் வீட்டில் இருப்பவர். பகலில் தாயார் சீருடை தைக்கும் தொழிற்கூடத்துக்குப் போய்விடுவார். எங்கள் பரிசோதனைக் கூடத்தில், இரத்த மாதிரிகள் வைக்கும் குளிர்பெட்டியின் வெப்பநிலையை இரண்டு மணிக்கொரு முறை பார்த்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதே மாதிரியில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு வீட்டுக்கும் ஒரு பதிவேடு தயாரித்தேன்: தேதி, நேரம் (10, 12, 2, 4), நிலை, கையொப்பம். பக்கத்தில் "பரிசீலனையில் உள்ளது" என்றே இருந்தால் நிலைக் கட்டத்தில் "மாற்றமில்லை" என்று எழுத வேண்டும். தந்தை அதைப் புரட்டிப் பார்த்து, "லிஃப்ட் சர்வீஸ் கார்டு மாதிரியே இருக்கேம்மா" என்று மகிழ்ந்தார். கழற்றிப் பார்க்காத லிஃப்டுக்கு அவர் ஒருநாளும் கார்டில் கையெழுத்துப் போட்டதில்லை. அதன் காரணமாக இரண்டு இடங்களில் வேலையையும் இழந்தவர். இதைவிட நம்பகமான ஆள் தங்கள் அலுவலகத்திலும் கிடைப்பது அரிது எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

5. இவ்விடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒருநாள் சாப்பிடும்போது, எங்கள் கூடத்தில் குளிர்பெட்டிப் பதிவேட்டை யாரும் இரண்டு மணிக்கொரு முறை எழுதுவதில்லை, காலையிலேயே நாள் முழுவதற்கும் "4 டிகிரி" என்று எழுதி முடித்துவிடுவோம் என வேடிக்கையாகச் சொன்னேன். தாயார் சிரித்தார். தந்தை சிரிக்கவில்லை. கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன்.

6. ஏப்ரல் முடிவதற்குள் எங்கள் வீட்டின் நிலை பின்வருமாறு. அழைப்பு மணி அடித்தால் தாயார் கையில் இருப்பதைக் கீழே போட்டார். நான் மாலையில் படியேறும்போது இரண்டாம் மாடியில் நின்று, மேலே பேச்சுக் குரல் கேட்கிறதா என்று கவனிப்பேன். கேட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள். கேட்காவிட்டால் மேலே ஏறக் கால் வராது. வருகிறவர்களிடம், "பயப்படாதீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று நாளொன்றுக்கு அறுபது முறை சொல்வது என் வேலை. ஒரு பெரியவர் ஊசியைப் பார்க்காமல் என் விரல்களைப் பார்த்துவிட்டு, "பயப்படாதம்மா" என்றார். மறுநாள் மேற்பார்வையாளர் அக்கா என்னைக் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும் மேசைக்கு மாற்றினார்.

7. கடந்த வியாழனன்று கூடத்தில் இயந்திரம் பழுதாகி, என்னைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பதிவேட்டை எடுத்தபோது மணி இரண்டரை. நான்கு மணிக் கட்டத்தில் "மாற்றமில்லை" என்று எழுதிக் கையெழுத்தும் ஆகியிருந்தது. வெள்ளிக்கும் சனிக்கும் ஆகியிருந்தது. பார்த்து எழுதிய பதிவுகளில் ஒன்று சாய்ந்திருக்கும், ஒன்று நிமிர்ந்திருக்கும், மை மாறியிருக்கும். முன்கூட்டி எழுதியவை பள்ளிக்கூட வரிசை போல நேராக நிற்கும். இது என் தொழில் கற்றுக்கொடுத்த அறிவு. மே 8 முதல் வரிசை நேராக இருந்தது.

8. இணையப்பக்கத்தைத் திறந்தேன். என் பணி அனுபவச் சான்றில் முத்திரை தெளிவாக இல்லை என்றும், எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தெளிவான நகலைப் பதிவேற்ற வேண்டும் என்றும் இருந்தது. அதன் கீழே, "கெடு முடிந்தது. விண்ணப்பம் மூடப்பட்டது" என்றிருந்தது. கெடு முடிந்து மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அந்தக் கெடுவுக்குள் விழுந்த "மாற்றமில்லை"கள் பன்னிரண்டு.

9. "ஏம்ப்பா?" என்று மட்டும் கேட்டேன். அவர் கூறியதை மாற்றாமல் பதிகிறேன்: "அந்தப் பக்கம் திறக்க நாப்பது செகண்ட் ஆகுதும்மா. வெள்ளையா அப்படியே நிக்குது. பதிமூணாவது மாடியில கயிறு அறுந்து தொங்கியிருக்கேன், அப்பகூட நெஞ்சு இப்படி அடிச்சதில்ல. இல்லைன்னு போட்டிருந்தா உன் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? திறக்கலைன்னா இன்னும் ஒண்ணும் ஆகலதானே?" பிறகு, "இப்ப என்ன போட்டிருக்கு?" என்றார்.

திரையை அணைத்துவிட்டு, "மாற்றமில்லப்பா" என்றேன்.

எங்கள் கூடத்து விதிப்படி, தவறான பதிவை ஒற்றைக் கோட்டால் அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நான்கு மணிக் கட்டத்தில் அவர் எழுதியிருந்த "மாற்றமில்லை"யை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் "மாற்றமில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

10. பிறகு மாடிப்படிக்கு வந்து தங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். பேசிய ஊழியர், "பக்கத்துல பாத்தீங்களா?" என்றார். பார்த்துவிட்டுத்தான் அழைக்கிறேன் என்றேன். "அப்ப அதுல போட்டிருக்கிறதுதாங்க" என்றார். கைபேசியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றதற்கு, "மூணு நம்பர் குடுத்திருக்கீங்க, எதுல கூப்பிடுறது?" என்று கேட்டார். மூன்று எண்கள் இல்லாமல் தங்கள் படிவம் ஏற்காது என்பதை நினைவூட்டினேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

11. ஆகவே தங்களிடம் வேண்டுவது:

(அ) எழுபத்திரண்டு மணி நேரக் கெடுவில் தங்கள் பக்கம் திறந்திருந்தது இருபத்தொரு மணி நேரமே. மீதி ஐம்பத்தொரு மணி நேரம், கடை சாத்தியிருக்கும்போது வாடிக்கையாளர் வரவில்லை என்று எழுதிய கணக்கில் சேரும். திறந்திருந்த நேரத்தை மட்டும் எண்ணினால் என் கெடு இன்னும் முடியவில்லை.

(ஆ) தெளிவான முத்திரையுடன் சான்று இணைத்துள்ளேன். இம்முறை மேற்பார்வையாளர் அக்கா எழுந்து நின்று குத்தியிருக்கிறார்.

(இ) 21-ஆம் தேதி இறுதிப் பட்டியலில் கையெழுத்திடும் முன் என் விண்ணப்பத்தையும் மற்றவற்றோடு படிக்க வேண்டுகிறேன். தகுதியில்லை என்று நிராகரித்தால் வீட்டில் சொல்லிவிடுவேன். அழுதுவிட்டு மறுநாள் வேலைக்குப் போவேன். கெடு தவறி மூடப்பட்டது என்றே நின்றுவிட்டால், அதைத் தவறவிட்டது யார் என்பது ஒரே ஒருவருக்குத் தெரியவரும். மீதமிருக்கும் ஆயுளில் அவர் வேறெதையும் நினைக்க மாட்டார். நான் பயப்படுவது இதற்கு மட்டுமே.

12. அவசரத்தின் காரணத்தையும் கூறிவிடுகிறேன். நேற்றும் இன்றும் பக்கம் பழுது என்று சொல்லிச் சமாளித்தேன். திங்களன்று சரியாகிவிடும் என்றும் வாய்விட்டுவிட்டேன். திங்கள் காலை முதல், வெள்ளையாக எவ்வளவு நேரம் நின்றாலும், தன் கண்ணால் பார்த்தே எழுதுவதாகத் தந்தை என் கையில் அடித்துச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன சொல் மாறுபவர் அல்லர் என்பதை நான்காம் பத்தியில் தெரிவித்துள்ளேன். வெள்ளி, சனிக் கட்டங்களைத் தானே அடித்துவிட்டார். திங்கள் காலை பத்து மணிக் கட்டம் காலியாக இருக்கிறது. அதில் அவர் "மாற்றமில்லை" என்று எழுதவும், எழுதியது உண்மையாக இருக்கவும், தங்கள் அலுவலகத்தால் மட்டுமே முடியும்.

இணைப்பு: பணி அனுபவச் சான்று; பதிவேட்டின் நகல், மூன்று பக்கங்கள். (கையொப்பமிட்டவர் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம்.)

நாள்: 16.05.2026, சனிக்கிழமை, பகல் 12.40
இடம்: தங்கள் அலுவலக வாசல்

இப்படிக்கு,
இன்னும் காத்திருப்பவள்,
(கையொப்பம்)
விண்ணப்ப எண் 4417