அப்பாவுக்குப் போட்ட சார்ஜ்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம், என் முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, ஈரத்தலையோடு படுக்காமல் சுகமாக இருக்க வேண்டும்.

போன வாரம் அப்பாவின் தண்ணீர் நிலையத்துக் குமாஸ்தா போனில் கூப்பிட்டு, "சார், உங்களுக்கு சார்ஜ் போட்டு ஆர்டர் வந்திருக்கு" என்றார், அதோடு லைன் போய்விட்டது. இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "என் மேல குற்றம் சாட்டிட்டாங்க, வேலை போச்சு" என்று உட்கார்ந்துவிட்டார். மாடியில் குடியிருக்கிற, அச்சகத்தில் பிழை திருத்துகிறவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் தலையணை தண்டிக்கு ஓர் அகராதியோடு இறங்கி வந்து, "எந்த சார்ஜும்மா?" என்கிறார். ஆதியில் அது வண்டியில் பாரம் ஏற்றுவதாம். பிறகு துப்பாக்கியில் மருந்தை ஏற்றி, பேட்டரியில் மின்சாரம் ஏற்றி, மனுஷன் தலையில் பொறுப்பையும் பழியையும் ஏற்றிவிட்டார்களாம். காளை முட்ட வருவதும் அதேதானாம். இவரோ, "பாரம் எதுவானா என்ன, சுமக்கிற மாடு நான்தானே" என்று பெருமூச்சு விட்டார்.

முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று யாரோ சொன்னார்களாம். இருபத்தாறு வருஷக் குற்றத்தையும் நாலு தாளில் எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். பம்பு அறையில் தூங்கியது, மழை நாளில் மீட்டரைப் பார்க்காமலே அளவு எழுதியது, இன்ஜினியரின் கோப்பையை உடைத்துவிட்டு இல்லாத பூனை மேல் பழி போட்டது, எல்லாம். திங்கட்கிழமை போனால் இன்ஜினியருக்கு இடமாற்றமாம், நிலையத்துக்கு இனி அப்பாதான் பொறுப்பாளராம், குமாஸ்தா சொன்ன சார்ஜ் அதுதானாம்! மேசையில் அந்த நாலு தாளும் திரும்பி வந்து கிடக்கிறது, மேலே ஒரு குறிப்பு: "நிலையப் பொறுப்பாளர் விசாரித்து அறிக்கை அனுப்பவும்."

தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, இப்போது அவரே அவரை விசாரிக்கிறார். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதட்டுகிறார், எழுந்து அந்தப் பக்கம் போய்க் கைகட்டிப் பதில் சொல்கிறார். நேற்று என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார், நொண்டிக்கொண்டே போனேன். கடைசிக் குற்றத்தை மட்டும் படிக்காமல் மென்று விழுங்கினார். பிடுங்கிப் பார்த்தேன். தினமும் பதினோரு மணிக்கு நிலையத்துப் போனிலிருந்து மகளைக் கூப்பிட்டு, அவள் ஹலோ என்றதும் பேசாமல் வைத்தேன் என்று எழுதியிருக்கிறது. எவனோ தறுதலை தினம் போன் பண்ணி வைக்கிறான் என்று நீ திட்டினாயே, அது இவர்தானடி. நீ ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று போட்ட சண்டைக்கு இரண்டு வருஷமாக உன்னோடு பேசாத மனுஷன்! தீர்ப்பையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்: "குற்றம் நிரூபணமானது. குற்றவாளி இனிமேல் வாய் திறந்து பேச வேண்டும்."

நீ நூறு வயசு குறைவில்லாமல் வாழ வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு போன் வரும். எடுத்ததும் திட்டாதே, கொஞ்சம் பொறுத்திரு, தொண்டையைச் செருமிக்கொண்டுதான் ஆரம்பிப்பார்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா