அசாஹினாவுக்கு இன்னும் பாட்டு இல்லை

அன்பு நண்பன் டெட்சுரோவுக்கு,

துறைமுகத்துக் காற்று திசை மாறிவிட்டது. என் டாக்சியில் ஏறுகிறவர்கள் எல்லாரும் உட்கார்ந்ததும் கண்ணாடியை ஏற்றச் சொல்கிறார்கள். ஹகோதாதேயில் உனக்குக் குளிர் முன்பே வந்திருக்கும். நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதுதான் முறை. ஆனால் உன் மகள் சிசுரு போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் பேஸ்பால்.

உனக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போன பிறகு, போனில் நான் மட்டும் பேசிக்கொண்டே இருப்பதும் நீ மூச்சு விடுவதை நான் கேட்டுக்கொண்டிருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் கடிதம். என் கையெழுத்தைப் பார்த்தால் சிரிப்பாய். சிரி.

நம் அணி இந்த வருடமும் கடைசி இடம். பத்திரிகையில் பட்டியலைக் கீழிருந்து பார்த்தால் சீக்கிரம் கிடைத்துவிடும். வலது கேலரியில் பாதி நாற்காலி காலி. இருக்கிற கூட்டமும் பீர் குடிக்க வந்ததுபோல் உட்கார்ந்திருக்கிறது. நம் பாட்டுக் கோஷ்டி மட்டும் நின்றுகொண்டே இருக்கிறது. நான் டிரம்பெட், சயேகோ பெரிய மேளம். அவள் சலூனை மூடிவிட்டு நேராக வந்துவிடுகிறாள், கையில் சாயக் கறையோடு.

நீ டிவியில்கூட ஆட்டம் பார்ப்பதில்லை என்று சிசுரு சொன்னாள். அதனால் அசாஹினாவைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும். போன வருடம் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்த பையன். ஷார்ட்ஸ்டாப். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே பந்து போனால் அவன் அங்கே இருக்கிறான், எப்படி வந்தான் என்று தெரியாது. பிடித்த பிறகுதான் வினை. கை பீரங்கி மாதிரி, ஆனால் பந்து எந்தப் பக்கம் போகும் என்று அவனுக்கே தெரியாது. முதல் பேஸில் நிற்கிறவன் பாவம், குதித்துக் குதித்தே இளைத்துவிட்டான். எரர் கணக்கில் லீகிலேயே நம் பையன்தான் முதலிடம். நம் அணிக்கு எதிலாவது முதலிடம் கிடைத்ததே என்று மீன் மார்க்கெட்டில் கேலி பேசுகிறார்கள்.

எங்கள் பின்வரிசையில் ஒருவன், "தம்பி, பந்தை முதல் பேஸுக்குப் போடுன்னா பார்க்கிங்குக்குப் போடுறியே, என் காரு அங்கதான்டா நிக்குது!" என்று தினமும் கத்துகிறான். அவனிடம் கார் கிடையாது. என் டாக்சியில்தான் வீட்டுக்குப் போகிறான்.

ஆனால் சயேகோ ஒன்றைக் கவனித்திருக்கிறாள். "எரர் விட்டவன் அடுத்த பந்துக்குப் பயந்து ஒரு அடி பின்னால போய் நிப்பான். எத்தனை பேரைப் பார்த்திருக்கோம்! இவன் ஒரு அடி முன்னால வர்றான்யா" என்றாள். நான், "அது தைரியமா, மண்டைல ஒண்ணும் ஏறலையா?" என்று கேட்டேன். "உனக்கு ஏறுனதைவிட அவனுக்கு அதிகமாத்தான் ஏறியிருக்கு" என்றாள். அதற்குப் பிறகு நானும் பார்க்க ஆரம்பித்தேன். உண்மைதான். முன்னால்தான் வருகிறான்.

இதிலிருந்துதான் சண்டை வந்தது. உனக்குத் தெரியாததா? நிலைத்து நிற்பான் என்று தெரிந்த ஆட்டக்காரனுக்குத்தான் கோஷ்டி சொந்தப் பாட்டு கொடுக்கும். அதுவரை இன்ஃபீல்டர்களுக்கான பொதுப் பாட்டுதான், பெயரை மட்டும் மாற்றிப் பாடுவோம். அசாஹினாவுக்கு அடுத்த வருடம் சொந்தப் பாட்டு வேண்டும் என்று பாதிப் பேர். எரரைக் குறைக்கட்டும், அடி அடிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று பாதிப் பேர். தோற்கிற அணிக்காரர்கள் நாம். கொஞ்சம் நன்றாக ஓடுகிற பையன் கிடைத்தால் போதும், அவனைத் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டே இருப்போம். எடை கூடாதா என்ற ஆசை.

நான் வேண்டாம் என்கிற கட்சி. ஏன் என்று உனக்குத் தெரியும். நிஷிவாகி.

ஆறவிட்டதைக் கிளறுகிறேன் என்று கோபிக்காதே. அவனும் ஷார்ட்ஸ்டாப். அவனுக்கு நீ எழுதியதுதான் நீ எழுதிய பாட்டுகளிலேயே நல்ல பாட்டு. ஊரே பாடியது. பிறகு அவன் கை திடீரென்று சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது, பத்தடி தூரத்துக்குக்கூட நேராக எறிய முடியவில்லை. நாம் அப்போதும் விடாமல் பாடினோம். மீசை சரியாக முளைக்கும் முன்பே அவன் ஆட்டத்தை விட்டுப் போனான். அன்று என் வண்டியில் நீ சொன்னாய்: "ஒரு பையன் தலைல பாறையைத் தூக்கி வச்சுட்டு ஆடு ஆடுன்னோம், இசாவோ." அதோடு நீ பாட்டு எழுதுவதை நிறுத்தினாய். கோஷ்டிக்கு வருவதையும் நிறுத்தினாய். எனக்கும் அன்று அப்படித்தான் தோன்றியது.

இப்போது சொந்த மைதானத்தில் நடந்த கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன். மழை வந்து வந்து நின்றது. ஏழாவது இன்னிங்ஸில் அசாஹினா ஒரு சுலபமான பந்தைப் பிடித்து, பின்வரிசைக்காரன் சொல்கிற பார்க்கிங் பக்கமாக எறிந்தான். எதிரணிக்கு இரண்டு ரன். கேலரியில் ஒருவரும் கத்தக்கூட இல்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அடுத்து அவன் பேட் பிடிக்க வந்தான். நனைந்த ஹெல்மெட்டைப் புறங்கையால் துடைத்துவிட்டு, இடது காலை லேசாகத் தூக்கி வைத்தான். நிஷிவாகி அப்படியே செய்வான். நான் டிரம்பெட்டை வாயில் வைத்தேன். பொதுப் பாட்டைத்தான் ஊத நினைத்தேன். விரல் உன் பாட்டை ஊதிவிட்டது.

முதல் வரி முடியும்போதுதான் எனக்கே தெரிந்தது. நிறுத்துவதற்குள் கேலரி எழுந்துவிட்டது. இத்தனை வருடம் ஆகியும் ஒருவருக்கும் ஒரு சொல் மறக்கவில்லை. "நிஷிவாகி, நிஷிவாகி" என்று அத்தனை பேரும் பாடினார்கள், சிலர் அழுதுகொண்டே. பேட்டோடு நிற்பவன் வேறு ஒருவன் என்பதே யாருக்கும் நினைவில்லை.

அசாஹினா அம்பயரிடம் கை காட்டி ஆட்டத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தான். நம் பக்கம் திரும்பிப் பார்த்தான். சயேகோ மேளத்தை நிறுத்தினாள், பாட்டு பாதியில் அறுந்தது. அவன் ஹெல்மெட்டைக் கழற்றி, இடுப்பு வரை குனிந்து நம் கேலரியை வணங்கினான். எரருக்காகத்தான் திட்டுகிறார்கள் என்று நினைத்தானோ என்னவோ. "டேய், குனியாதடா! தப்பு எங்களோடதுடா!" என்று பின்வரிசைக்காரன் கத்தினான். அவன் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

எனக்கு அதற்குமேல் ஊத வரவில்லை. பொதுப் பாட்டை அந்த நேரத்தில் ஊதவும் மனசு ஒப்பவில்லை. சயேகோ மட்டும் மேளத்தை மெதுவாக அடித்தாள், பாட்டில்லாமல். பையன் பந்து பந்தாகக் கோட்டுக்கு வெளியே தட்டித் தட்டி, அவுட் ஆகாமல் நெடுநேரம் நின்றான். கடைசியில் அவுட். நாம் தோற்றோம். அவன் அன்று ஹோம் ரன் அடித்தான் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

ஆட்டம் முடிந்து மேளத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது, காஸ் கம்பெனிச் சட்டை போட்ட ஒருவன் படியேறி வந்தான். தொப்பை போட்டிருந்தான், அதனால் உடனே தெரியவில்லை. நிஷிவாகி. ஆட்டத்தை விட்ட பிறகு அன்றுதான் முதல் தடவையாகக் கேலரிக்கு வந்திருக்கிறான், தன் பாட்டைக் கேட்கும்படி ஆகிவிட்டது. நான் தரையில் தலை படும்படி மன்னிப்புக் கேட்டேன். அவன் என் தோளைப் பிடித்துத் தூக்கினான்.

"விடுங்கண்ணே. டெட்சுரோ அண்ணன் எங்கே?" என்றான். சொன்னேன். நீ சொன்ன பாறையையும் சொன்னேன். அவன் மைதானத்தின் பக்கம் திரும்பினான். "கை போனப்ப கோச் பேசலை. கூட ஆடுறவனுங்க பேசலை. எங்கப்பாவே பேசலை. பாட்டு மட்டும் மாறாம அப்படியே வந்துச்சு. கை போனதாலதாண்ணே ஆட்டத்தை விட்டேன். பாட்டு இல்லைன்னா அதுக்கு முந்தின வருஷமே ஓடியிருப்பேன். அவர் இதை மனசுல வச்சுக்கிட்டா இத்தனை வருஷம் இருந்தாரு? எனக்கு வெக்கம், அதான் உங்க யாரையும் பார்க்க வரலை. தப்பு பண்ணிட்டேன்" என்றான்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா மூணாவது வரியை அவ்வளவு உயரத்துல போட்டிருக்க வேண்டாம். கேலரியே அங்க வந்து நாய் மாதிரி ஊளையிடும். அந்தப் பையனுக்கு எழுதுறப்ப கொஞ்சம் இறக்கிப் போடச் சொல்லுங்க" என்றான். நான் சொல்லிவிட்டேன். உன்னிடம் இதைச் சொல்ல எனக்கே இத்தனை வருடமாகத் தைரியம் இல்லை.

மறுநாள் கோஷ்டி கூடியது. அசாஹினாவுக்குச் சொந்தப் பாட்டு என்று ஒருமனதாக முடிவானது. நானும் கை தூக்கினேன். நல்ல ஆட்டக்காரனாக வருவானா என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஒரு அடி முன்னால் வருகிறவனை இன்னொருவன் பெயரால் கூப்பிட்டுவிட்டோம், அது என்னைத் தூங்கவிடவில்லை. யார் எழுதுவது என்று கேட்டபோது உன் பெயரைத்தான் எல்லாரும் சொன்னார்கள். இசைக் கல்லூரிப் பெண் ஒருத்தி கோஷ்டியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள், அவளிடம் கேட்கலாமே என்றேன். சயேகோ என்னை முறைத்த முறைப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

இனி சிசுரு சொன்னது. தட்டைத் தள்ளி வைத்துவிடுகிறாயாம். கஞ்சிகூட இறங்குவதில்லையாம். அடுத்த சிகிச்சைக்கு டாக்டர் குறித்த தேதியை, பலகையில் எழுதிக் காட்டி வேண்டாம் என்றாயாம். அவள் போனில் அழுதாள், டெட்சுரோ. எனக்குக் கோபம் வந்தது. கோபம் என்று எழுதிவிட்டேன், பயம் என்று எழுதியிருக்க வேண்டும்.

முன்பெல்லாம் என் வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்து முனகிக்கொண்டே வருவாய், சிக்னலுக்குச் சிக்னல் ஒரு வரி பிறக்கும். இனி முனக முடியாது, தெரியும். மேசையில் விரலால் தட்டு, சிசுரு பதிவு செய்து அனுப்புவாள். சொல்லைப் பேப்பரில் எழுது. நான்கு வரிதானே. ஒரே மூச்சில் எழுதிவிடாதே, மெதுவாக எழுது. குளிர்காலம் முழுக்க எழுது. வேண்டுமென்றே தாமதம் செய், எனக்குச் சம்மதம்.

கோஷ்டி எடுத்த இன்னொரு முடிவையும் கேள். உன் பாட்டு வரும்வரை அசாஹினாவுக்கு வேறு பாட்டு கிடையாது. பொதுப் பாட்டும் கிடையாது. மார்ச் கடைசியில் முதல் ஆட்டம். அவன் பேட்டோடு வந்து நிற்பான், கேலரி வாயைத் திறக்காது, சயேகோவின் மேளம் மட்டும் கேட்கும். அது கோடை வரை போனாலும் சரி, அடுத்த வருடம் வரை போனாலும் சரி. இருபது வயசுப் பையனை அப்படி நிற்க வைக்கலாமா என்று கேட்காதே. நிற்க வைக்கப்போவது நாங்கள் இல்லை.

அதனால் சிசுரு கொடுக்கிற கஞ்சியைக் குடி. டாக்டர் சொன்ன தேதிக்குப் போ. அந்தப் பையன் நிற்கிறான். அவன் பின்னால் நானும் டிரம்பெட்டோடு நிற்கிறேன்.

என்றும் உன்,
இசாவோ