நான் ஓடாத ஐந்து கிலோமீட்டர்

எப்பவும் எனக்கு ரெண்டடி முன்னால ஓடுற ரஹ்மத்தக்காவுக்கு,

உங்க ஏட்டம்மா எழுதுதேன். நல்ல சேதியை முதல்ல சொல்லிருதேன். நம்ம ஊர் அம்பது கிலோமீட்டர் ஓட்டம் தை மாசம் நடந்துச்சு, நான் கலந்துகிட்டேன். கெட்ட சேதி, முழுசா ஓடலை. அதைவிடக் கெட்டது, முழுசா ஓடினதா எல்லார்கிட்டயும் சொன்னேன். உங்க மக கிட்டயும் சொன்னேன்.

இதை எல்லாரும் படிக்கட்டும்னுதான் எழுதுதேன் அக்கா. பொய்யை மைக்குல சொன்னவ, உண்மையை மட்டும் உங்க காதுல ரகசியமாச் சொல்லக் கூடாதுல்லா? அதனால உங்களுக்குத் தெரிஞ்சதையும் கொஞ்சம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கு. பொறுத்துக்கோங்க.

மூணு வருஷம் முன்னால நீங்க ஸ்டேஷனுக்கு ஒரு மனுவோட வந்தீங்க. விடியக்காலம் இலஞ்சி ரோட்டுல நடக்கப் போகும்போது பைக்ல ரெண்டு பேர் பின்னாலயே வந்து கேலி பண்ணுதானுவன்னு. மனு வாங்குற மேசையில நான்தான் இருந்தேன். மனுவைப் படிச்சு முடிக்கிறதுக்கு முன்னாலயே கேட்டேன், "அந்நேரத்துல தனியா ஏம்மா போறீங்க?"

நீங்க என் முகத்தையே பார்த்தீங்க. "நீங்க கூட வந்தா தனியா இல்லல்லா?"ன்னீங்க.

மறுநாள் வந்தேன். அந்தப் பயலுகளை ரெண்டாம் நாளே பிடிச்சு எழுதி வாங்கியாச்சு. அதுக்கப்புறம் எனக்கு அங்கன ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் வந்துகிட்டே இருந்தேன். வீட்டுக்காரர் சவுதியில, மக காலேஜ்ல, நாள் பூரா தையல் மிஷின்ல குனிஞ்சு குனிஞ்சு முதுகு போச்சுன்னு நடக்க வந்தவங்க நீங்க. ஆறு மாசத்துல நடை ஓட்டமாச்சு. முக்காட்டை நாலு ஊசி குத்தி இறுக்கிகிட்டு நீங்க ஓடுற அழகுக்கு, இலஞ்சி டீக்கடையில கிளாஸ் தூக்கினவங்க தூக்கினபடி நிப்பாங்க.

பொம்பளைங்க பேன்ட்டுல பை வைக்க மாட்டேங்கிறானுவளேன்னு ரெண்டு பேர் பேன்ட்டுலயும் நீங்களே பை வெச்சுத் தச்சீங்க. ஒண்ணுல பேரீச்சம்பழம், ஒண்ணுல உப்புப் பொட்டலம். சீசன்ல அருவிக்கு வந்த ஒருத்தன் வேன்ல இருந்து தலையை நீட்டி, "ஏக்கா, பஸ்ஸ விட்டுட்டீங்களா?"ன்னு கேட்டான். "உனக்கு முன்னால போயி எண்ணெய் தேய்க்க எடம் பிடிக்கணும்லா"ன்னு நீங்க திருப்பிச் சொன்னதுக்கு வேனே சிரிச்சுது.

அம்பது கிலோமீட்டர் ஆசையும் உங்களுதுதான். ஒரு நாள் பிளவுஸுக்கு ஊக்கு வெச்சுகிட்டே போனை நீட்டினீங்க. "தென்காசியில தொடங்கி குத்தாலம், ஐந்தருவி, செங்கோட்டை, அச்சன்புதூர், ஆய்க்குடின்னு சுத்தித் திரும்பத் தென்காசி. நாப்பத்திரண்டுக்கு மேல ஓடினா அல்ட்ரா மாரத்தானாம். போவமா?"

"ஆய்க்குடிக்குப் பஸ்ல போனாலே எனக்கு இடுப்பு வலிக்கும்க்கா."

"அப்பப் பஸ்ல போகாதீங்க."

பந்தோபஸ்து இல்லாத ஞாயித்துக்கிழமை எல்லாம் ஓடினோம். பதினெட்டு, இருபத்தஞ்சு, முப்பத்திரண்டு. என் கால் பெருவிரல் நகம் கறுத்து விழுந்துச்சு. ஐந்தருவி ஏத்தத்துல நான் உக்காந்துட்டா, "காலைக் கேட்டு ஓடாதீங்க ஏட்டம்மா, அது எப்பக் கேட்டாலும் முடியாதுன்னுதான் சொல்லும்"பீங்க. எரிச்சலா வரும். ஆனா எந்திரிச்சிருவேன்.

புரட்டாசியில காய்ச்சல்னு படுத்தீங்க. "ஞாயித்துக்கிழமைக்குள்ள எந்திரிச்சிருவேன், நீங்க ஓட்டத்தை விட்டுராதீங்க"ன்னு ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்து சொன்னீங்க. எட்டாம் நாள் நீங்க இல்லை. அண்ணன் சவுதியில இருந்து வந்து சேர்றதுக்குள்ள அடக்கம் முடிஞ்சு போச்சு. உங்க மக நஸ்ரின் அழலை. வந்தவங்களுக்கெல்லாம் தண்ணி கொண்டாந்து குடுத்துகிட்டே இருந்தா. என்னைப் பார்த்ததும், எப்பவும் போலச் சித்தி முறை வெச்சு, "சாச்சி, நீங்க டூட்டிக்குப் போகலையா?"ன்னு கேட்டா. இருபது வயசுப் பிள்ளை.

ஒரு மாசம் கழிச்சு நான் அறிவிச்சேன்: ரஹ்மத்தக்கா பேர்ல ஓடப் போறேன். வாட்ஸப் குரூப்ல நம்ம ரெண்டு பேர் படத்தைப் போட்டேன். ஆளாளுக்குக் கும்பிடு போட்டாங்க. பனியன் முதுகுல உங்க பேரை அச்சடிச்சேன். ஸ்டேஷன்ல கூப்பிட்டுப் பாராட்டினாங்க. எல்லாம் செஞ்சேன் அக்கா, பயிற்சிக்கு மட்டும் போகலை. நீங்க இல்லாம அந்த ரோட்டுல கால் வெக்க முடியலைன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். பாதி அதுதான். மீதிப் பாதி சோம்பல். கேட்டவங்க யாருக்கும் இந்த மீதிப் பாதியைச் சொல்லலை.

ஓட்டத்தன்னைக்குச் செங்கோட்டை வரை நல்லாத்தான் வந்தேன். பண்பொழி தாண்டி வெயில் ஏறுச்சு. அச்சன்புதூர்ல ரெண்டு தடவை வாந்தி. அதுக்கு அங்கிட்டு, முப்பத்தெட்டாவது கிலோமீட்டர்ல, கெண்டைக்கால் ரெண்டும் கல்லு மாதிரி இறுகிப் போச்சு. ஒரு பாலக்கட்டையில உக்காந்தேன். ரெண்டு பக்கமும் வயல், முன்னாலயும் பின்னாலயும் ஓடுறவங்க யாருமில்லை. ஒவ்வொரு தண்ணிப் பந்தல்லயும் கையில கலர் ரப்பர் பேண்ட் மாட்டி விடுவாங்க, அதுதான் கணக்கு. அடுத்த பந்தல் ஆய்க்குடியில.

அப்ப டிவிஎஸ் எக்ஸெல்ல வாழைத்தார் ஏத்திகிட்டு ஒரு அண்ணாச்சி வந்தாரு. அறுபது வயசிருக்கும்.

"ஏய், நிப்பாட்டு!"ன்னேன். உதவி கேக்குற குரல் இல்லைக்கா அது. வாகனச் சோதனையில வர்ற குரல்.

அவரு காலை ஊனி நிப்பாட்டி, தோள்ல கிடந்த துண்டைக் கையில எடுத்துட்டாரு. "அம்மா, லைசென்ஸ் வீட்டுல கெடக்கு"ன்னாரு.

"லைசென்ஸ் வேண்டாம். ஆய்க்குடிப் பக்கம் கொண்டு விடுங்க."

ஒரு தாரை மடியில வெச்சுகிட்டுப் பின்னால உக்காந்தேன். முதுகுல உங்க பேரு. வண்டி போகப் போக மூஞ்சியில காத்து பட்டுச்சு, சுகமா இருந்துச்சு. அதையும் மறைக்காமச் சொல்லுதேன். பந்தலுக்கு முந்தின வளைவுல இறங்கி, நொண்டி நொண்டி ஓடிப் போய்க் கையை நீட்டினேன். ஒரு காலேஜ்ப் பிள்ளை பச்சை ரப்பர் பேண்டை மாட்டி, "சூப்பர் மேடம், நல்லா வாறீங்க"ன்னு சொல்லிச்சு.

மீதி ஏழு கிலோமீட்டரும் ஓடியும் நடந்தும் வந்தேன். அது நிஜம். ஆனா அதைச் சொல்லிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

முடிவுக் கோட்டுல அண்ணனும் நஸ்ரினும் நின்னாங்க. மெடலை நஸ்ரின் கையால போடச் சொன்னாங்க. போட்டா. போட்டுட்டு என் தோள்ல சாஞ்சா. அப்புறம் அழுதா பாருங்க அக்கா, மவுத்தன்னைக்கு அழாத பிள்ளை! அடிவயித்துல இருந்து "உம்மா, உம்மா"ன்னு கத்தி அழுதா. சுத்தி நின்ன கூட்டமே கண்ணைத் துடைச்சுது.

அப்ப என் கையில மைக்கைக் குடுத்தாங்க. அந்த நேரத்துலயாவது வாயை மூடிகிட்டு இருந்திருக்கலாம். "முப்பத்தெட்டாவது கிலோமீட்டர்ல என்னால முடியலை. உக்காந்துட்டேன். அப்ப ரஹ்மத்தக்கா வந்து என் பக்கத்துல ஓடினாங்க. அவங்கதான் என்னைக் கொண்டாந்து சேர்த்தாங்க"ன்னேன். கைதட்டல் அடங்க நேரமாச்சு.

எந்த எடத்துல வண்டியில ஏறினேனோ, அந்த எடத்துலயே உங்களைக் கொண்டு போய் நிறுத்தினேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

பத்து நாள் கழிச்சுச் சோதனையில நிக்கும்போது அதே எக்ஸெல் வந்துச்சு. ஹெல்மெட் இல்லை. "அம்மா, நான்தான்... அன்னைக்கு..."ன்னு அவரு தொடங்க, "போங்க, போங்க"ன்னு விரட்டினேன். பக்கத்துல நின்ன கான்ஸ்டபிள், "ஏங்க்கா விட்டீங்க?"ன்னு கேட்டான். "தெரிஞ்சவரு"ன்னேன். அவருக்குப் பின்னால ஹெல்மெட் இல்லாம வந்த ஒரு வாத்தியாருக்கு அபராதம் போட்டேன்.

மாசி மாசம் உங்க வீட்டுக்குப் போனேன். நஸ்ரின் உங்க மிஷின்ல உக்காந்து தலையணை உறை தச்சுகிட்டு இருந்தா. ஓட்டத்தன்னைக்கே நான் அவ கிட்டக் குடுத்துட்ட மெடல், மிஷின் டிராயர்ல நூல்கண்டுகளோட இருந்துச்சு. டீ போட்டுக் குடுத்துட்டு எதிர்ல உக்காந்தா.

"சாச்சி, ஒண்ணு கேக்கணும். அந்த முப்பத்தெட்டாவது கிலோமீட்டர்ல உம்மா வந்தாங்கல்லா? அப்ப உம்மா என்ன சொன்னாங்க? என்னைப் பத்தி எதுவும் சொன்னாங்களா?"

சத்தியமாச் சொல்லுதேன் அக்கா, முதல்ல என் வாயில வந்தது இன்னொரு பொய். "நல்லாப் படிக்கச் சொன்னாங்க"ன்னு. நாக்கு நுனி வரை வந்துருச்சு. அவ கண்ணைப் பார்த்தேன். மழைக்கு நிக்கிற பிள்ளை மாதிரி முகத்தை ஏந்திகிட்டு இருந்தா.

"உம்மா வரலை, நஸ்ரின். நான் வண்டியில போனேன்"ன்னு சொல்லிட்டேன்.

அப்புறம் கேட்டா, "எங்கன ஏறுனீங்க?" சொன்னேன். "எங்கன இறங்குனீங்க?" சொன்னேன். "யாரு வண்டி?" அதையும் சொன்னேன். நாங்க விசாரிக்கிற மாதிரியே விசாரிச்சா. எதிர்ப் பக்கம் உக்காந்தா எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுகிட்டேன்.

"நீங்க ஓடலைங்கறது எனக்கு ஒண்ணுமில்ல. யாருக்கும் முடியாமப் போகலாம்"னா. "ஆனா நான் அன்னைக்குத்தான் உம்மாவுக்காக அழுதேன். ஊரு முன்னால அழுதேன். அந்த அழுகையை நான் இப்ப என்ன செய்ய?"

மெடலை எடுத்து என் முன்னால வெச்சா. "எடுத்துட்டுப் போங்க மேடம்."

சாச்சின்னு கூப்பிட்ட வாய் அக்கா அது.

ஓட்டத்தை நடத்தினவரு கிட்ட மெடலோட போனேன். "இதைப் போய்ப் பெருசு பண்ணாதீங்க மேடம், யாருக்கும் தெரியாதுல்லா"ன்னாரு. எனக்குத் தெரியும்னு சொல்லி, என் கையாலயே எழுதிக் குடுத்தேன். ஓடி முடிச்சவங்க பட்டியல்ல இருந்து என் பேரை எடுத்துட்டாங்க. குரூப்ல நானே விவரமாப் போட்டேன். முன்ன கும்பிடு போட்டவங்கள்ல பாதிப் பேர் பேசாம இருந்தாங்க. ரெண்டு பேர் திட்டினாங்க. அது பரவாயில்லைன்னு இருந்துச்சு. ஸ்டேஷன்லயும் தெரிஞ்சு போச்சு. "அக்கா, லிஃப்ட் வேணுமா?"ன்னு இன்னைக்கும் ஒருத்தன் கேக்கான். கேக்கட்டும்.

அச்சன்புதூருக்குப் போய் அந்த அண்ணாச்சியையும் தேடிப் பிடிச்சேன். என்னைக் கண்டதும் வீட்டுக்குள்ள இருந்து லைசென்ஸை எடுத்துட்டு ஓடி வந்தாரு. மன்னிப்புக் கேக்க வந்தேன்னு சொன்னா நம்பலை. "முடியலை, கொண்டு விடுங்கன்னு கேட்டிருந்தாலே விட்டிருப்பேனேம்மா. நீங்க போட்ட சத்தத்துல எனக்குக் கை காலு ஆடிப் போச்சு"ன்னாரு. அவரு பொஞ்சாதி மோர் குடுத்தாங்க. அதைக் குடிக்கிறதுதான் பெரிய தண்டனையா இருந்துச்சு.

சித்திரையில இருந்து மறுபடி ஓடுதேன். இந்தத் தடவை யாருக்கும் அறிவிக்கலை. மெதுவாத்தான். போன ஞாயித்துக்கிழமை ஆய்க்குடி வரை போனேன். ரெண்டு எடத்துல நடந்தேன்.

போன வாரம் நஸ்ரின் கிட்ட இருந்து ஒரு மெசேஜ் வந்துச்சு. மூணு மாசத்துல அதுதான் முதல். சாச்சின்னும் இல்லை, மேடம்னும் இல்லை.

"அடுத்த தையில ஓடுவீங்களா?"

ஓடுவேன்னு போட்டேன்.

"உம்மா பேர்லயா?"

"இல்ல. என் பேர்ல"ன்னு எழுதினேன்.

"சரி"ன்னு வந்துச்சு. அவ்வளவுதான். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம்னு இன்னும் புரியலை. ஒருவேளை அர்த்தமே இல்லையோ என்னவோ. அன்னைக்கு அவ அழுத அழுகை அவ கிட்டத் திரும்பிப் போய்ச் சேர்ந்துச்சான்னு கேக்க எனக்கு இன்னும் தைரியம் வரலை.

அக்கா, அம்பதையும் முடிச்சுக் காட்டுதேன்னு உங்களுக்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன். முடியலாம், முடியாமப் போகலாம். ஆனா ஒண்ணு மட்டும் உறுதி. முடியாமப் போனா, போன எடத்துலயே ரோட்டோரமா உக்காந்து, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் கேக்குற மாதிரி, முடியலைன்னு சத்தமாச் சொல்லுவேன்.

உங்க கூடப் பிறக்காத தங்கச்சி,
வடிவு