புதிய பதிப்புக்கு மாற நாலு காரணம்

ஜன. 18, ஞாயிறு

காலையில் நல்ல பனி. எதிர் வீடு தெரியவில்லை. பொங்கல் கரும்பு இன்னும் மூலையில் சாய்ந்து நிற்கிறது, கடிக்கத்தான் ஆளில்லை. வெண்கலப் பானையைப் பரணில் ஏற்ற வேண்டும். ஏற்றவில்லை.

சென்னையிலிருந்து நிவேதா மெயில். இணையம் பார்க்கிற பிரவுசர் இருக்கிறதே, அந்த உலாவியின் தமிழாக்கக் குழுவை இப்போது பார்த்துக்கொள்கிற பெண். நேரில் பார்த்ததில்லை. மெயிலும் பேசுகிற மாதிரியே எழுதுவாள்.

"அக்கா, புதுப் பதிப்பு வந்தாச்சு. 'ஏன் மாற வேண்டும்'னு ஒரு பக்கம் தமிழ்ல வேணும். நாலு காரணம் போதும். இங்கிலீஷ அப்படியே மாத்தாதீங்க. நம்ம ஆளுங்க படிச்சா மாறணும்னு தோணணும். அப்புறம் இன்னொண்ணு. 'கீற்று' யாருக்கும் புரியலையாம். அடுத்த தடவை 'டேப்'னே போட்டுடலாமான்னு பேச்சு. நீங்க பழைய ஆள், நீங்க சரின்னா மாத்திடுவோம்."

பழைய ஆள். சரிதான்.

கீற்று ஜெயந்தியின் சொல். ஒரு பக்கம் திறந்திருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று திறக்கிறோமே, மேலே வரிசையாக நிற்குமே, அதற்கு வைத்தது. கல்லூரி முடித்த புதுசு. இரண்டு பேருக்கும் வேலை இல்லை. தெற்கு வீதியில் மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர். மத்தியானம் கூட்டம் இருக்காது, ஓனர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரு நாற்காலி, ஒரு ஸ்டூல், முறை வைத்து உட்காருவோம். யாரும் கேட்காமலே தமிழாக்கம் செய்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை. ஒரு சாயங்காலம் புது ஆற்றங்கரையில் நடந்தபோது ஒரு அம்மாள் தென்னங்கீற்று முடைந்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஜெயந்தி சட்டென்று நின்றாள். "இதாண்டி. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு பாரு. கீற்று!"

அன்றைக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ரோஸ்மில்க்.

நிவேதாவுக்குப் பதில் போடவில்லை.

ஜன. 20, செவ்வாய்

மில்லில் கணக்கு ஏற்றுகிற வேலை குறைவு. புது நெல் இன்னும் வரவில்லை. மேனேஜர் பழனிவேல் சாரின் கம்ப்யூட்டரைத் தமிழுக்கு மாற்றிக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏம்மா, 'வரலாறு'ன்னு ஒண்ணு இருக்கே. அமுக்குனா பெரிய கோயில் கதை வருமா?"

"நீங்க இதுவரைக்கும் பாத்த பக்கமெல்லாம் வரும் சார்."

"அய்யய்யோ. அது வேண்டாம், பழையபடியே மாத்திரு."

பஸ்ஸில் இரண்டு கல்லூரிப் பெண்கள், ஒரே போனில் தலையை விட்டுக்கொண்டு.

"அந்த டேப்ப மூடுடி."

"எது, தண்ணி போகுதா?"

சிரிப்பு. எனக்கும் வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

யாரிடமும் சொல்லாதது: வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் வைத்திருப்பது பழைய பதிப்பு. ரொம்பப் பழையது. நானும் ஜெயந்தியும் சேர்ந்து முடித்த கடைசிப் பதிப்பு. அதற்கப்புறம் யார் யாரோ வந்தார்கள், சொற்களை மாற்றினார்கள், பல இடத்தில் நல்லதுக்குத்தான். குழுவில் பெயர் இருக்கிறது, எப்போதாவது கருத்துக் கேட்பார்கள், சொல்வேன். இதை மட்டும் தொட மனசு வரவில்லை. திறந்தால் எல்லாம் எங்கள் கை. மாறச் சொல்லி ஊருக்கு எழுதப்போகிறவள் இன்னும் மாறவில்லை.

காரணம் எழுத உட்கார்ந்தேன். "தடையற்ற இணைய அனுபவம்." எழுதி, உடனே அடித்துவிட்டேன். எந்த வீட்டில் இப்படிப் பேசுகிறார்கள்?

ஜன. 21, புதன்

மேகம். காற்றில் ஈரம். வங்கக் கடலில் காற்றழுத்தம் என்று செய்தி. நம் சம்பா முற்றி நிற்கிறது, பழுத்த கதிர், மழை அடித்தால் சாய்ந்துவிடும். இவர் காலையிலிருந்து நாலு முறை வயலுக்குப் போய்வந்துவிட்டார். அறுப்பு மெஷின் சனிக்கிழமைக்குச் சொல்லியிருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் நெல் போட முன்கூட்டியே ஆன்லைனில் பதிய வேண்டும். சிட்டா, அடங்கல் எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

தளம் திறக்கவில்லை. திரை முழுக்க உலாவியின் அறிவிப்பு: "இப்பதிப்பு மிகவும் பழையது. இத்தளத்தைப் பாதுகாப்பாகத் திறக்க இயலவில்லை."

இவர் எழுத்தெழுத்தாகப் படித்தார். "நல்லா எழுதியிருக்கான். யாரு?"

"நான்தாங்க."

திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம், "உன்னையே சொல்லுது பாரு" என்று சிரித்தார். மழைக் கவலையில் காலையிலிருந்து சிரிக்காத மனிதர்.

சிரிப்பு அடங்கியதும் மெதுவாக, "பதிய முடியலன்னா நெல்ல எங்க கொண்டுபோய்ப் போடறது? வியாபாரிகிட்ட கேட்ட வெலைக்குக் குடுக்கணும். மாத்தேன்" என்றார்.

மாற்றினேன். இறங்க நேரம் எடுத்தது. அந்த நேரம் அடுப்படியில் போய் நின்றேன், பார்க்கப் பிடிக்காமல்.

திறந்ததும் முதலில் நிறம் வேறு, ஓரம் வேறு. கை பழைய இடத்துக்கே போகிறது. ஆனால் "புதிய கீற்று" இருந்தது, அதே இடத்தில். கொள்முதல் தளம் திறந்தது. பதிந்தாயிற்று. பிரிண்ட் எடுத்து இவர் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

அப்புறம்தான் வேடிக்கை. வானிலைப் பக்கத்தில் ஒரு ஒலிபெருக்கிப் படம், தெரியாமல் தட்டிவிட்டார். ஒரு பெண் குரல் தமிழில் படிக்க ஆரம்பித்தது. "ஏய், இது பேசுது!" கதவைச் சாத்திவிட்டு முழுசும் கேட்டார். இவருக்குப் பொடி எழுத்து தெரியவில்லை என்று எனக்குத் தெரியும். ஒத்துக்கொள்ள மாட்டார். கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது என்று ஆகிவிடுமாம். இப்போது நாகப்பட்டினத்துப் பக்கம் மழை எவ்வளவு என்று காதால் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எழுதிவைத்தேன்: அரசுப் பக்கங்கள் நிற்காமல் திறக்கும். சின்ன எழுத்தைப் படிக்கக் கஷ்டப்படுகிறவர்களுக்குப் படித்துச் சொல்லும். இரண்டு ஆயிற்று.

ஜன. 22, வியாழன்

தூறல், விட்டுவிட்டு. இட்லி மாவு பொங்கவில்லை.

கீற்றை நான் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. ஜெயந்தியைக் கேட்க வேண்டும். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. கல்யாணம், அவளுக்கு ஆஸ்திரேலியா, எனக்கு இந்த ஊர். முதலில் மெயில், அப்புறம் வாழ்த்து, அப்புறம் அதுவும் இல்லை. போன் நம்பர்கூடக் கையில் இல்லை.

மில்லிலிருந்து நேரே கீழவாசலில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவள் அண்ணிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பெயர் சொன்னதும், "அடடே, கம்ப்யூட்டர் கலாவா! உக்காருங்க, உக்காருங்க. அவ வந்தா உங்களப் பத்தியேதான் பேசுவா" என்றார்.

என்னைப் பற்றியா? என்ன பேசுவாள்? கேட்கக் கூச்சம். காபி குடித்துவிட்டு நம்பர் வாங்கிவந்தேன்.

செய்தி அனுப்பினேன். மூன்று முறை அடித்து அடித்து எழுதி, கடைசியில்: "ஜெயந்தி, கலா பேசறேன். கீற்ற எடுக்கப்போறாங்களாம்."

ஜன. 23, வெள்ளி

பதில் இல்லை. பார்த்துவிட்டாள் என்று காட்டுகிறது.

வானம் தெளிந்திருக்கிறது. இவர் முகமும்.

மூன்றாவது காரணம்: சிங்கப்பூர்ச் செய்தியோ துபாய் வேலை விளம்பரமோ, வேற்று மொழிப் பக்கத்தைத் தமிழாக்கிக் காட்டும். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய வீடு தெருவுக்கு ஒன்று இருக்கிறது. நாலாவது கிடைக்கவில்லை. வேகம் என்று எழுதினால் எங்கள் ஊர் நெட்வொர்க்கைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

ஜன. 24, சனி

அறுப்பு. மெஷின் சொன்ன நேரத்துக்கு வந்தது, அதிசயம். வாய்க்கால் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சாய்வு. மற்றபடி தப்பித்தோம். வைக்கோல் தூசி, உடம்பெல்லாம் அரிப்பு. இவர் நெல்லை அள்ளி அள்ளி விரல் வழியே விட்டுக்கொண்டிருந்தார். வேறு எழுதத் தெம்பில்லை.

ஜன. 25, ஞாயிறு

நல்ல வெயில். களத்தில் நெல் காய்கிறது. கோழியை விரட்ட நான் காவல். அங்கே இருக்கும்போதுதான் போன்.

"கலா!"

குரல் மாறவே இல்லை. அவளே பேசினாள். உடனே எழுத நினைத்தாளாம், தமிழில் தட்டவே வரவில்லையாம், இங்கிலீஷில் எனக்கு எழுத வெட்கமாம். அதனால் ஞாயிறுவரை காத்திருந்தாளாம்.

"எடுக்கலாமாடி? நீதான் சொல்லணும்" என்றேன்.

"நான் எதுக்குச் சொல்லணும்? உன் வார்த்தை."

"என் வார்த்தையா? நீதானே புது ஆத்தங்கரையில நின்னு கத்துன?"

"நானா! நீதாண்டி கத்துன. அந்தம்மா பயந்து திரும்பிப் பாத்தாங்க. நான் என் பொண்ணுகிட்டக்கூட சொல்லியிருக்கேன், கீற்றுங்கறது கலா ஆன்ட்டி கண்டுபிடிச்சதுன்னு."

நீதான், நீதான் என்று எவ்வளவு நேரம். இரண்டு கோழி நெல்லுக்குள் இறங்கிவிட்டது, விரட்டவில்லை. இத்தனை வருஷமும் நான் அவளுக்காகக் காத்துவைத்திருந்ததை அவள் எனக்காகக் காத்துவைத்திருக்கிறாள். யார் சொன்னது என்று இனி யாருக்கும் தெரியாது. அந்த அம்மாளைத்தான் கேட்க வேண்டும்.

கடைசியில் அவளே சொன்னாள். "டேப்னே போடச் சொல்லு கலா. பாக்கறவங்களுக்குப் புரியணும்ல?"

வலிக்கும் என்று நினைத்தேன். கொஞ்சம்தான் வலித்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அதிலேயே நிவேதாவுக்கு எழுதிவிட்டேன்: சரி, டேப் போடுங்க. காரணம் மூன்றுதான் தேறியது, அனுப்பிவைக்கிறேன்.

"இரு, நானும் புதுசப் போட்டுப் பாக்கறேன்" என்றாள் ஜெயந்தி. அவளும் என்னை மாதிரிதான், வருஷக்கணக்காக மாற்றவில்லையாம். இறக்கினாள். மொழியைத் தமிழுக்கு மாற்றத் தெரியவில்லை, நான் இங்கிருந்து சொல்லிக்கொடுத்தேன். மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் படித்தாள், திக்கித் திக்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. கோப்பு. திருத்து. பதிவிறக்கங்கள். பிறகு நின்றாள்.

"நூற்குறியா? புக்மார்க்குக்கா? இது யாரு போட்டது? நாம என்ன நூலா படிக்கிறோம்?"

"பின்னாடி வந்தவங்க யாரோ. உனக்கு வேற என்ன தோணுது?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று மட்டும் கேட்டது.

"யோசிக்கிறேன்" என்றாள். "போன வெச்சிடாத."